ஊரின் பெயரில் ஒளிந்த நாவலாசிரியை

1942இல் இத்தாலியில் ஒரு சிறு நாவல் வெளியானது. அட்டையில் அலெஸ்ஸாந்த்ரா தோர்னிம்பார்த்தே என்ற பெயர் இருந்தது. அப்படி ஓர் எழுத்தாளரே இல்லை. தோர்னிம்பார்த்தே என்பது அப்ருஸ்ஸோ மலைப்பகுதியில் உள்ள ஓர் ஊர். எழுதியவர் நடாலியா கின்ஸ்பேர்க். தந்தை யூதர், கணவரும் யூதர். இனச் சட்டங்கள் இருந்த காலத்தில் சொந்தப் பெயரில் நூல் போட வழியில்லை.

நடாலியா 1916இல் பலெர்மோவில் பிறந்து டூரினில் வளர்ந்தவர். தந்தை ஜுசெப்பே லேவி பெரிய விஞ்ஞானி; அவரிடம் படித்த மூவர் பின்னர் நோபல் பரிசு வாங்கினார்கள். அப்படிப்பட்டவர் தன் கடைசி மகளை ஆரம்பப் பாடசாலைக்கு அனுப்பவில்லை. அங்கே கிருமி தொற்றிவிடுமாம்! தினமும் வகுப்பறையில் நிற்கும் எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஆனால் கணவர் லியோனேயின் கதையில் சிரிக்க ஒன்றுமில்லை. அவர் பல்கலைக்கழகத்தில் ரஷ்ய இலக்கியம் கற்பித்தவர். 1934இல் பாசிச அரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். மறுத்தார். வேலை போனது. மூன்று வருடங்களுக்கு முன் பேராசிரியர்களிடம் இதே சத்தியம் கேட்கப்பட்டபோது, ஆயிரத்துக்கு மேற்பட்டோரில் மறுத்தவர்கள் ஒரு டஜன் அளவில்தான். மற்றவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. சம்பளத்தை நம்பி வீடு நடத்தும் ஆசிரியர்கள்தானே நாங்களும்.

அதே ஆண்டு லியோனே சிறை சென்றார். 1938இல் திருமணம், அதே வருடம் அவரது குடியுரிமையும் பறிபோனது. 1940இல் அவரை பிட்சோலி என்ற மலைக் கிராமத்தில் இருக்கும்படி கட்டுப்படுத்தினார்கள். நடாலியாவும் பிள்ளைகளுடன் அங்கே போனார். முதல் நாவல் வெளியானபோது அவர் இருந்தது அங்கேதான். முசோலினி வீழ்ந்ததும் லியோனே ரோமுக்குப் போய் இரகசியப் பத்திரிகை நடத்தினார். பிடிபட்டு, ஜேர்மனியரின் சித்திரவதைக்குப் பின் 1944 பெப்ரவரி 5இல் சிறையிலேயே இறந்தார். நடாலியாவுக்கு அப்போது 27 வயது, மூன்று பிள்ளைகள்.

1963இல் வந்த 'குடும்பச் சொற்கள்' நாவலுக்கு ஸ்ட்ரேகா பரிசு கிடைத்தது. அதில் வருபவர்களுக்கெல்லாம் உண்மைப் பெயர்கள். அப்பாவின் ஏச்சும் உம்மாவின் பழங்கதைகளும் பக்கம் பக்கமாக வருகின்றன. கணவரின் மரணமோ சில சொற்களோடு முடிந்துவிடுகிறது. இதைக் கல்நெஞ்சு என்பவர்களும் உண்டு. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஜனாஸா வீட்டில் அதிகம் இழந்தவர்தான் ஒரு மூலையில் பேசாமல் இருப்பார்.

அவரிடமும் பிழை உண்டு. ஐனௌடி பதிப்பகத்தில் பணியாற்றியபோது, அவுஷ்விட்ஸிலிருந்து மீண்ட பிரீமோ லேவியின் நூலைத் திருப்பி அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். இதை இன்னும் எங்களால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

போருக்குப் பின் முதல் நாவல் அவரது சொந்தப் பெயரிலேயே மறுபடி அச்சானது. 1950இல் மறுமணம் செய்தார். 1983இல் பாராளுமன்றம் போனார், 1991இல் இறந்தார். கடைசி வரை அவருடைய நூல்களின் அட்டையில் இருந்த பெயர் கின்ஸ்பேர்க் என்பதுதான்.