வயிற்றுப் பெருந்தமனி வீக்கம்: ஈவார் சிகிச்சையின் பின்விளைவுகள்

வீங்கிய வயிற்றுப் பெருந்தமனி வெடிக்காமல் காக்க, தொடைத் தமனி வழியே ஸ்டென்ட் கிராஃப்ட் எனும் துணிக்குழாயை உலோகச் சட்டத்தோடு உள்ளே பொருத்துவது ஈவார் சிகிச்சை. வயிற்றைக் கிழிக்காததால் நோயாளி விரைவில் வீடு திரும்புவார். ஆனால் வீங்கிய பை உடலிலேயே தங்குவதால், ஆண்டுகள் கழித்தும் சிக்கல்கள் தலைகாட்டலாம்.

வரலாறு

1951இல் பாரிஸில் சார்ல் துபோஸ்த், வீங்கிய பகுதியை வெட்டியெடுத்து இறந்தவரின் தமனியைப் பொருத்தினார். திறந்த அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கு மாற்றாக, 1990இல் பியூனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி தொடை வழியே கிராஃப்டைச் செலுத்தினார். அமெரிக்கா 1999இல் இக்கருவிகளுக்கு அனுமதி அளித்தது.

சிக்கல்கள்

கிராஃப்டுக்கு வெளியே, பைக்குள் ரத்தம் தொடர்ந்து பாய்வது எண்டோலீக். சிட்னியின் ஜெஃப்ரி வைட் குழுவினர் 1990களில் இதற்குப் பெயரிட்டு வகைப்படுத்தினர். முதல் வகை, கிராஃப்டின் முனைகள் தமனிச் சுவரோடு சரியாகப் பொருந்தாததால் வருவது. மூன்றாம் வகையில் துணி கிழியும் அல்லது இணைப்பு விலகும். இவ்விரண்டிலும் பை வெடிக்கும் அபாயம் இருப்பதால் உடனே சரிசெய்ய வேண்டும். இரண்டாம் வகையே அதிகம். இடுப்புக் கிளைத் தமனிகளிலிருந்து ரத்தம் பின்னோக்கிப் பாய்வதால் ஏற்படும் இது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். பை பெரிதானால் மட்டும் அந்தக் கிளைகளை அடைப்பர். துணியின் நுண்துளைகளில் கசிவது நான்காம் வகை. கிராஃப்ட் இடம் நழுவுதல், அதன் கால் போன்ற கிளை மடிந்து அடைபடுதல், படமெடுக்கச் செலுத்தும் சாயமருந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படுதல், அரிதாகக் கிராஃப்டில் தொற்று ஆகியவையும் உண்டு.

நீண்டகாலப் பலன்

பிரிட்டனின் ஈவார்-1 ஆய்வில், முதல் 30 நாள் இறப்பு ஈவாரில் 1.7%, திறந்த அறுவையில் 4.7%. 2016இல் வெளியான தொடர்முடிவில், எட்டு ஆண்டுகளுக்குப் பின் ஈவார் பெற்றவர்களிடமே இறப்பு கூடியிருந்தது. சிகிச்சைக்குப் பிறகும் பை வெடித்தது முக்கியக் காரணம். எனவே ஆயுள் முழுதும் சி.டி. அல்லது டாப்ளர் பரிசோதனை தேவை.

உற்பத்தியும் கண்காணிப்பும்

ஆன்கியூர் எனும் ஈவார் கருவியின் கோளாறுகளை மறைத்ததற்காக, கைடன்ட் நிறுவனத்தின் துணை நிறுவனம் 2003இல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 9.24 கோடி டாலர் செலுத்தியது. இந்தியாவில் மருத்துவக் கருவிகளின் பாதிப்புகளைப் பதிவுசெய்யும் தேசியத் திட்டம் 2015இல் தொடங்கியது. 2021இல் தமிழகத்துக்கு மருத்துவக் கருவிப் பூங்கா ஒப்புதலானது. அதற்கு ஒரகடம் தேர்வானது. அதே பகுதியில், ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடத்தில் உள்ள கார் ஆலைகள் குறைகண்ட வண்டியைத் திரும்ப வரவழைக்கலாம். ஆனால் உடலில் பொருத்திய கிராஃப்டை அப்படி எளிதில் எடுத்துவிட முடியாது. அதனால் குறைகண்ட கருவியைத் திரும்பப் பெறுவது என்றாலே, அதைச் சுமக்கும் நோயாளிகளைத் தேடிப்பிடித்துக் கண்காணிப்பதாகவே அமைகிறது.