கால்வாயை வெட்டிய கைகளும் கரையை இடித்த பொக்லைனும்

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் சென்னைக்குள் இரண்டு படைகள் இறங்கின. ஒன்று, வெளி மாவட்டங்களிலிருந்து அழைத்து வரப்பட்ட தூய்மைப் பணியாளர்கள். இன்னொன்று, பொக்லைன் இயந்திரங்கள். நம் மக்களில் பலர் வெறுங்கையால் குப்பை அள்ளிக்கொண்டிருந்தார்கள். இயந்திரங்கள் ஆற்றங்கரைகளுக்கும் கால்வாய்க் கரைகளுக்கும் போயின.

நீர்வழிகளை மீட்கவே இயந்திரம் வந்தது என்றார்கள். மீட்கத்தான் வேண்டும், அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. வெள்ளம் வந்தால் முதலில் நனைவது நம் வீடுகள்தான். கேள்வி வேறு. ஒரு நீர்வழியை மீட்க இயந்திரம் இறங்கும்போது அதன் கை முதலில் எதன் மேல் விழுகிறது? எதைத் தொடாமல் விடுகிறது? இதற்குப் பதில் தேட வேண்டுமானால் 1877க்குப் போக வேண்டும்.

கையால் வெட்டிய கால்வாய்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாது வருஷப் பஞ்சம் சூறையாடியது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். கிராமங்களில் நிலமில்லாத கூலிகள்தான் முதலில் விழுந்தார்கள். அவர்களில் பறையர், பள்ளர், சக்கிலியர் என்று அன்றைய ஆவணங்கள் எழுதிய நம் முன்னோர் பெருந்தொகையினர். பிழைக்க வழி தேடி சென்னைக்கு நடந்தார்கள்.

சோறு போடுவதற்குப் பதிலாக வேலை போட்டது காலனி அரசு. அப்படி நிவாரணப் பணியாக வெட்டப்பட்டதுதான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. கால்வாய். அதற்கு வடக்கே எண்ணூர்ப் பக்கம் 1806லேயே ஒரு கால்வாய் வெட்டியிருந்தார்கள். விட்டுப்போன நடுத்துண்டைப் பசித்த கைகள் வெட்டி முடித்தன. கால்வாய்க்கு அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைச் சூட்டினார்கள். வெட்டியவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

1877இல் நிவாரணப் பணிகளுக்கு ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி ஒரு கூலி அளவை வைத்தார். கடின வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம், அதாவது சுமார் 450 கிராம். மேலே ஒரு அணா. இது உயிர் தரிக்கப் போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷே வாதாடினார். மண் சுமப்பவரின் உடம்பு எவ்வளவு குறைவான சோற்றில் ஓடும் என்று அரசு கணக்குப் பார்த்த காலம் அது.

கரைக்கு எப்படி வந்தோம்?

"ஆற்றோரம் ஏன் குடிசை போட்டார்கள்?" என்று டீக்கடை முதல் நீதிமன்றம் வரை கேட்கிறார்கள். இதற்கான பதில் ஒரு வெள்ளைக்கார ஆட்சியரின் அறிக்கையிலேயே இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், 1891இல் பறையர்களின் நிலை பற்றி எழுதினார். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, எதிர்த்துப் பேசினால் மிராசுதார் குடிசையிலிருந்தே விரட்டிவிடலாம் என்று அதில் சுட்டிக்காட்டினார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலத்திலும் பெரும்பகுதி பிறகு பிறர் கைக்குப் போனது.

ஊரில் மனை இல்லாதவருக்கு நகரத்தில் யார் பட்டா கொடுப்பார்கள்? துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் ஆலைகளுக்கும் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆட்கள் தூங்க இடம் தேவை என்று யாரும் நினைக்கவில்லை. யாரும் விரும்பாத இடம் மிச்சமிருந்தது. அதுதான் கூவக்கரை, அடையாற்றுக்கரை, பக்கிங்காம் கால்வாய்க் கரை. அரசு ஆவணத்தில் அதன் பெயர் புறம்போக்கு. நாளடைவில் அந்தச் சொல்லே நம்மைத் திட்டும் சொல்லானது.

தூணைச் சுற்றிப் போகும் தண்ணீர்

இனி ஆக்கிரமிப்பைப் பார்ப்போம். பக்கிங்காம் கால்வாயின் மேல் பறக்கும் ரயில் போகிறது. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995இலும், மயிலாப்பூர் வரை 1997இலும் ஓடத் தொடங்கியது. அதன் கான்கிரீட் தூண்கள் பல இடங்களில் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. நிலையங்களும் கால்வாயின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. மீனம்பாக்கத்தில் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை அடையாற்றுக்குக் குறுக்கே பாலம் போட்டு நீட்டப்பட்டது. 2015 வெள்ளத்தில் அந்த ஓடுபாதையும் மூழ்கி, விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அரசு நிறுவனங்களும் சாலைகளும் குப்பைக் கிடங்கும் கம்பெனிக் கட்டடங்களும் தின்று, பழைய பரப்பில் ஒரு சிறு பங்கைத்தான் மிச்சம் வைத்திருக்கின்றன.

தூர்வாரும் இயந்திரம் இவற்றின் அருகில் வரும்போது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். கரையில் நின்று நீண்ட கையை நீட்டிச் சகதியை வாரும் பொக்லைன் உண்டு. தண்ணீரில் மிதந்தபடியே ஆகாயத்தாமரையை அகற்றும் ஆம்பிபியன் வண்டிகள் உண்டு. மாநகராட்சி ரோபோட்டிக் எக்ஸ்கவேட்டர்களையும் வாங்கியது. தூண் வந்தால் இயந்திரம் சுற்றிப் போகும். குடிசை வந்தால் சுற்றிப் போகாது. கரையில் நிற்க இடம் வேண்டும், வண்டி போக வழி வேண்டும் என்று முதலில் குடிசை போகும்.

வாரிய சகதியை உடனே அப்புறப்படுத்தாமல் கரையிலேயே குவித்தால், அடுத்த மழையில் அது திரும்ப உள்ளே போய்விடும். முகத்துவாரத்தில் கடல் அலை மணலைக் கொண்டுவந்து அடைத்துக்கொண்டே இருக்கும். அதையும் அடிக்கடி வெட்டிவிட வேண்டும். ஆகவே இது ஒருநாள் கூத்தல்ல, தொடர்ந்து செய்ய வேண்டிய பராமரிப்பு. குடிசையை இடிப்பது மட்டும்தான் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது.

2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, 2015 வெள்ளத்தை மனிதர் உருவாக்கிய பேரிடர் என்றே சொன்னது. செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறந்துவிடப்பட்ட விதத்தை அது குறை கூறியது. ஏரியின் மதகைத் திறந்தவர் யாரும் வீடு இழக்கவில்லை.

எங்கே கொண்டுபோய் விட்டார்கள்?

வெள்ளத்துக்குப் பின் கூவக்கரையிலிருந்தும் அடையாற்றுக்கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டன. பெரும்பாலோர் தலித்துகள். பள்ளிப் பிள்ளைகளின் படிப்பு நடுவில் நின்றது. வீட்டு வேலைக்குப் போன பெண்கள் வேலை இழந்தார்கள். கொண்டுபோய் விடப்பட்ட இடம் பெரும்பாக்கம். அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம். அதற்கு முன்பே மக்களைக் குடியேற்றிய செம்மஞ்சேரியிலும் மழைக்காலத்தில் வெள்ளம் சூழ்கிறது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி வெள்ளத்துக்கே அனுப்பினார்கள்.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளை உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் இடித்தபோது, ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார்.

வேறு வழி இல்லாமலில்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, மக்கள் வாழும் இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவது அதன் முக்கிய வழியாக இருந்தது. நகரத்துக்குள் இன்றும் நிற்கும் பழைய வாரியக் குடியிருப்புகள் அதற்குச் சாட்சி. 30 கி.மீ. தள்ளி அனுப்புவது பின்னால் வந்த பழக்கம்.

இயந்திரம் வராத இடம்

கால்வாயை வார இயந்திரம் வாங்கும் அதே நகரத்தில், பாதாளச் சாக்கடையில் மனிதர்கள் இறங்கிச் சாகிறார்கள். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்திருக்கிறது, சாவு நிற்கவில்லை.

இயந்திரத்துக்குச் சாதி இல்லை என்பார்கள். அதை எங்கே அனுப்புவது, எங்கே அனுப்பாமல் விடுவது என்று முடிவெடுக்கும் மேசைக்குச் சாதி இருக்கிறது. நம் வீட்டை இடிக்க அது வரும். நம் உயிரைக் காக்க மேன்ஹோலுக்கு வராது.

தோழர்களே, உங்கள் பகுதியில் தூர்வாரும் பணி அறிவித்தால் செய்ய வேண்டியவை சில உண்டு. திட்ட வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நீர்வழியின் அகலம் எங்கே எவ்வளவு குறைந்திருக்கிறது, அதை அடைத்து நிற்கும் ஒவ்வொரு கட்டடமும் யாருடையது என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலில் குடிசை எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று பாருங்கள். கரையில் வாழும் முதியவர்களிடம் உட்கார்ந்து, எந்த ஊரிலிருந்து எந்த ஆண்டு வந்தார்கள் என்று பதிவு செய்யுங்கள். கால்வாயை வெட்டியவர்களின் பெயர்கள் நம்மிடம் இல்லை. கரையிலிருந்து விரட்டப்படுகிறவர்களின் பெயர்களாவது நம் ஏட்டில் இருக்கட்டும்.

ஜெய்பீம்.