கூரையில் பூத்த தோட்டம்

காஷ்மீரத்துத் தோட்டங்கள் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவன ஷாலிமாரும் நிஷாத்துமே. விடுமுறைப் பயணச் சலுகையில் ஸ்ரீநகர் செல்வோர் அங்குள்ள நீரூற்றுகளின் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். நாமும் அவ்வாறு திரும்பியவர்தாம். ஆயினும் அந்நாட்டு மலர்களின் வரலாற்றைப் படிக்குந்தோறும், நிலைத்த தோட்டம் அரசர் எழுப்பிய மதிலுக்கு வெளியேதான் இருந்தது என்னும் எண்ணமே நமக்கு வலுப்படுகிறது.

அக்பர் 1586இல் காஷ்மீரத்தைக் கைப்பற்றினார். அவர் மைந்தர் ஜஹாங்கீர் காலத்தில், 1619ஐ ஒட்டி ஷாலிமார் உருவாயிற்று; 1633இல் ஆசப்கான் நிஷாத்தை அமைத்தார். படிப்படியாக இறங்கும் தளங்களையும் நடுவே பாயும் கால்வாயையும் பலரும் எழுதிவிட்டனர். இன்று அங்குப் பாத்திகளில் நகைக்கும் பான்சி மலரோ, 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டது. பேரரசர் அதனைக் கண்டதே இல்லை. இத்தகைய பருவச் செடிகளை ஆண்டுதோறும் புதிதாக நட்டால்தான் உண்டு.

ஜஹாங்கீர் கண்டவை எவை? 1620இன் இளவேனிலில் காஷ்மீரத்தில் தங்கிய அவர், மன்சூர் என்னும் ஓவியரைக் கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட மலர்களை வரைவித்ததாகத் தம் நினைவுக் குறிப்பில் கூறுகிறார். அரிய செய்தி ஒன்றும் அதில் உண்டு. மரத்தால் கட்டிய வீடுகளின் கூரைமேல் மக்கள் மண் பரப்பித் துலிப் கிழங்குகளை நட்டனராம். அவை ஆண்டுதோறும் தாமே பூத்தன. பெரிய பள்ளிவாசலின் கூரையும் பூத்திருந்தது. பூர்ஜ மரப்பட்டையை அடுக்கி, அதன்மேல் இட்ட மண் அது. குளிரைத் தடுக்கவே இட்டனர். பூவுக்கும் அதுவே நிலமாயிற்று.

துலிப் குளிரைப் பொறுத்துக்கொள்வது மட்டுமன்று. அதற்குக் குளிர் வேண்டும். சில திங்கள் குளிரில் கிடந்தாலன்றி அதன் தண்டு செவ்வனே நீளாது. நம் ஊர்த் தொட்டியில் அது பூக்க மறுப்பது இதனாலேயே. மண்கூரைகளின் இடத்தைத் தகரக் கூரைகள் பிடித்தபின், வீட்டுக்கு வீடு இருந்த அத்தோட்டம் மறைந்தது. 2007இல் ஸபர்வான் மலையடிவாரத்தில் பெரிய துலிப் தோட்டம் ஒன்று திறக்கப்பட்டது. காண இனியதுதான், கிழங்குகள் ஹாலந்திலிருந்து வந்தன.

கல்லறைகளில் வெண்மையும் ஊதாவுமாக மலரும் ஐரிஸ் இன்னும் உள்ளது. மாண்டோர்க்காக நட்டது; நீர் ஊற்றுவாரின்றியே பனிக்குப்பின் தலைகாட்டுகிறது.

கருவுற்ற மகளுக்குப் பாலில் இட்டுத் தரும் குங்குமப்பூவை நம் இல்லங்கள் நன்கறியும். 12ஆம் நூற்றாண்டில் கல்ஹணர், தம் ராஜதரங்கிணியில் காஷ்மீரத்தின் பெருமைகளுள் அதனையும் வைத்தார். பாம்பூர் வயல்களில் அக்டோபர் இறுதியில் ஊதாப் பூக்கள் விரிகின்றன. வைகறையில் பறித்து, பூவுக்கு மூன்றாக உள்ள செவ்விழைகளைப் பிரிக்கின்றனர். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பூக்கள் வேண்டும். இச்செடி விதை ஈனாது. உழவர் கிழங்குகளைத் தோண்டிப் பிரித்து மீண்டும் நட்டு வருவதனாலேயே வாழ்கிறது. கல்ஹணர் காலத்துப் பயிர் இன்றும் உண்டென்றால், இடையே ஒரு தலைமுறையும் கைவிடவில்லை என்பது பொருள். 2020இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வயல்களோ வீட்டுமனைகளாகிச் சுருங்கி வருகின்றன.