ஜப்பானியரின் சஷிகோத் தையல்

கருநீலத் துணியின்மேல் வெண்ணூலோட்டி, அலையும் இலையும் கட்டமும் தோன்றச் செய்வது ஜப்பானியரின் சஷிகோத் தையல். சிறு குத்து என்பது அச்சொல்லின் பொருள். திண்டுறைக்கும் திரைச்சீலைக்கும் அழகூட்டுவதற்காக இதனை இன்று பலர் விரும்பிக் கற்கின்றனர். ஆயினும் இது அழகு கருதிப் பிறந்ததன்று. குளிருக்கு அஞ்சிப் பிறந்தது.

எடோ காலத்தில், அதாவது 1603 முதல் 1868 வரை, ஜப்பானின் வடகோடியில் வாழ்ந்த உழவரை எண்ணிப் பார்ப்போம். அப்பனி நிலத்தில் பருத்தி விளையாது. சுகரு நாட்டிலோ, உழவர் பருத்தியாடை உடுத்தலாகாது என்ற ஆணையும் இருந்தது. அசா என்னும் செடியின் நாரால் நெய்த முரட்டுத் துணியே அவர்களுக்கு உடை. அதன் இழைகளினூடே வாடை புகும். அவ்விடைவெளிகளைப் பெண்கள் நூலால் அடைத்தனர். துணியின் இழைகளை ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படையில் எண்ணி ஊசியைச் செலுத்தினர் சுகருப் பெண்கள். அண்டையிலுள்ள நம்புப் பகுதியினர் இரட்டைப்படையில் எண்ணினர். இரண்டிலும் சாய்சதுரக் கோலங்களே மலர்ந்தன.

ஒசாகாவிலிருந்து மேற்குக் கடலோரமாக வந்த வணிகக் கப்பல்கள் பழைய பருத்தித் துணிகளையும் வடக்கே கொணர்ந்தன. கந்தலை அடுக்கித் தைத்து, கிழிந்த இடத்தில் மீண்டும் ஒட்டுப்போட்டு உடுத்தினர். வங்காளத்துக் காந்தாத் தையலைக் கண்டோர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. எடோ நகரத்துத் தீயணைப்போரும் பல மடிப்புச் சஷிகோ அங்கியை நீரில் நனைத்து உடுத்தே நெருப்பில் இறங்கினர்.

தைக்கும் முறை எளிதுதான். ஊசியை அசைக்காமல் துணியை மடித்து மடித்து அதன்மேல் ஏற்ற வேண்டும். உள்ளங்கையில் அணிந்த தோல் வளையம் ஊசியின் பின்முனையைத் தாங்கும். நாம் முதலில் தைத்த கைத்துண்டு பாகற்காய்போலச் சுருங்கிற்று! நூலை இறுக இழுத்ததே பிழை. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் துணியை விரலால் நீவிவிட வேண்டும். திருப்பங்களில் பின்புறம் சிறிது நூலைத் தளர விடவும் வேண்டும். உழைப்பாளியின் உடலோடு வளைந்து கொடுக்க வேண்டிய துணியன்றோ அது!

1891-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வடகோடியான அவொமோரியை எட்டியது. பருத்தி தாராளமாய் வந்தது. சஷிகோ மெல்ல மறைந்தது. கைவிட்ட பெண்களை நாம் குறைகூற மாட்டோம். சிறுமியராய் இருந்தபோதே ஊசி பிடித்து, பனிக்கால இரவுகளை ஒரு மேலாடைக்காகச் செலவிட்டவர்கள் அவர்கள். அதன் அழகை எடுத்துரைத்தவர்கள் பின்னர் வந்தனர். நாட்டுக் கைவினைகளின் பெருமையை உணர்த்திய யனகி சோயெட்சு, 1932-இல் சுகருத் தையலைப் புகழ்ந்து எழுதினார். 1983-இல் சுகரு, நம்புப் பகுதிகளின் சஷிகோ உடைகள் 786-ஐ ஜப்பானிய அரசு காக்கத்தக்க பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. ஒரு காலத்தில் வறுமையின் அடையாளமென்று வீட்டார் மறைத்துவைத்த கந்தலாடைகளையும் இன்று கண்ணாடிப் பேழைக்குள் காண்கிறோம்.