இறக்கத்தில் யார் பொறுப்பு? சாலைச் சைக்கிள் பந்தயப் பாதுகாப்பு விதிகளும் கல்வராயன் மலைப்பாதையும்

கள்ளக்குறிச்சிப் பக்கம் சைக்கிள் பந்தயம் என்றால், அண்ணா பிறந்தநாளையொட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்தும் போட்டிதான். 13, 15, 17 வயதுக்குட்பட்ட மாணவ மாணவியர் சாதாரண சைக்கிளில் 10 முதல் 20 கிலோமீட்டர் வரை ஓட்டுகிறார்கள். ஆனால் கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறும் பாதையோ ஐரோப்பியப் பந்தயங்கள் தேடிப்போகும் வகையைச் சேர்ந்தது. வளைந்து வளைந்து ஏறும் சாலை. ஒருபுறம் மலைச்சரிவு, மறுபுறம் பள்ளம். இப்படியொரு பாதையில் இறங்கும் வீரர் விழுந்தால் அது யார் பொறுப்பு? தொழில்முறைப் பந்தய உலகம் இதற்குச் சொன்ன பதில் முப்பது ஆண்டுகளில் வெகுவாக மாறியிருக்கிறது.

நெடுங்காலம் அது வீரரின் பாடாகவே விடப்பட்டது. 1991இல் சர்வதேச சைக்கிள் ஒன்றியம் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்க முயன்றபோது, பாரிஸ்–நீஸ் பந்தயத்தில் வீரர்களே போராட்டத்தில் இறங்கினர், விதி கைவிடப்பட்டது. வெயிலில் தலை வேகும் என்பது அவர்கள் வாதம். நம் ஊர்ப் பயிற்சியாளர்களுக்கும் பழக்கமான வாதம்தான். 1995 ஜூலை 18 அன்று டூர் டி பிரான்ஸில், போர்ட்டே தஸ்பே கணவாயின் இறக்கத்தில் இத்தாலியின் ஃபாபியோ கசார்த்தெல்லி விழுந்து, சாலையோரக் கான்கிரீட் கல்லில் தலை மோதி இறந்தார். அப்போதும் விதி வரவில்லை. 2003 மார்ச்சில், அதே பாரிஸ்–நீஸில், கஜகஸ்தானின் ஆந்திரே கிவிலேவ் இறந்த பிறகே, மே மாதம் தலைக்கவசம் கட்டாயமானது. ஏற்றத்தில் முடியும் பந்தயங்களின் கடைசி ஏற்றத்தில் கழற்றிக்கொள்ளலாம் என்ற சலுகை அதிலும் இருந்தது. பின்னர் அதுவும் நீக்கப்பட்டது.

தலைக்கவசம் மட்டும் போதாது என்பதை 2011 ஜீரோ தித்தாலியாவில் பெல்ஜிய வீரர் வௌட்டர் வெய்லாண்ட் இறந்தது உணர்த்தியது. அதுவும் ஓர் இறக்கம்தான். ஆயினும் கவனம் சாலையின் பக்கமும் அமைப்பாளரின் பக்கமும் திரும்பியதற்கு, 2020 ஆகஸ்ட் 5 அன்று போலந்தின் கத்தோவிட்சேயில் நடந்த விபத்தே முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. சரிவில் அமைந்த எல்லைக்கோட்டை நோக்கி மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்த வீரர் ஃபாபியோ யாகப்சனை, சக போட்டியாளர் டிலான் க்ரூனவேகன் ஓரங்கட்டினார். தடுப்புகள் சிதறின, யாகப்சன் உயிருக்குப் போராடி மீண்டார். க்ரூனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. அத்தோடு விவகாரம் முடியவில்லை. சரிவில் எல்லைக்கோட்டை வைத்தது யார், தடுப்பு ஏன் பிரிந்தது என்று வீரர்கள் உரக்கக் கேட்டார்கள். வீரர்களுக்கும் புதுக் கட்டுப்பாடு வந்தது: 2021 ஏப்ரல் முதல், இறக்கத்தில் சைக்கிளின் மேல்குழாய்மீது அமர்ந்து குனிந்து செல்வது தடைசெய்யப்பட்டது.

2024 செப்டம்பர் 26 இன்னொரு கேள்வியை எழுப்பியது. சூரிக் உலகச் சாம்பியன்ஷிப்பில் 18 வயது வீராங்கனை முரியல் ஃபூரர் மழையில், காட்டுப் பகுதியில் விழுந்தார். அவர் விழுந்தது உடனே எவருக்கும் தெரியவில்லை; மறுநாள் உயிரிழந்தார். பந்தயத்தில் ஓடும் ஒருவர் காணாமல் போவதைக்கூட அறியாத ஏற்பாடு இருந்தது என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 2025இல் கிகாலி சாம்பியன்ஷிப்பில் வீரர்களின் இருப்பிடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் கருவிகள் பயன்படுத்தப்பட்டன.

கல்வராயனில் ஒரு பந்தயம் திட்டமிடப்பட்டால் அந்தக் கருவியை மட்டும் நம்ப முடியாது. செல்போன் சிக்னல் எட்டாத இடங்கள் இந்த மலையில் உண்டு. எல்லைக்கோட்டை வெள்ளிமலை ஏற்றத்தில் வைத்து, இறக்கத்தைப் பந்தயத்திலிருந்து நீக்குவதே முதல் வேலை. இறக்கம் தவிர்க்க முடியாததானால், பார்வை மறையும் ஒவ்வொரு வளைவிலும் விசிலும் வாக்கி டாக்கியுமாக ஒருவர் நின்று, கடந்துபோகும் எண்களைக் குறித்துக் கீழே உள்ளவருக்குச் சொல்ல வேண்டும்.