ரூபா விழுந்தாலும் விழாத எட்டுக் கிராம்

இலங்கையின் முந்தலில் கல்யாணப் பேச்சு எடுத்தால் "எத்தனை பவுண்?" என்ற கேள்வி வராமல் போகாது. நகைக்கடைத் தராசில் ஒரு பவுண் என்பது எட்டுக் கிராம். அந்த எடையை நமக்கு விட்டுப்போனது 1817ஆம் ஆண்டு லண்டனில் அடிக்கப்பட்ட ஒரு தங்க நாணயம்.

அது பிறந்ததே ஒரு பண நெருக்கடியின் முடிவில்தான். பிரான்சோடு நடந்த போரின் நடுவே, 1797இல், இங்கிலாந்து வங்கி தன் நோட்டுகளுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தியது. மக்கள் கையில் வெறும் காகிதம் மிஞ்சியது. போர் முடிந்தபின் 1816இல் வந்த சட்டம் பணத்துக்குத் தங்கத்தையே அளவுகோலாக்கியது. அடுத்த ஆண்டு, 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண் மதிப்போடு 'சவரன்' வெளிவந்தது. எடை 7.98 கிராம், தரம் 22 கரட். ஒரு பக்கம் மன்னர் மூன்றாம் ஜோர்ஜ். மறுபக்கம் குதிரையேறிப் பறவைநாகத்தை வதைக்கும் புனித ஜோர்ஜ். அந்தச் சித்திரம் இத்தாலியச் சிற்பி பிஸ்ட்ருச்சியின் கைவண்ணம்.

பேரரசு போன இடமெல்லாம் சவரனும் போனது. சிட்னி, மெல்பர்ன், பேர்த் என்று அக்கசாலைகள் திறந்தன. இந்தியாவில் 1899இல் அது 15 ரூபாவுக்குச் செல்லுபடியானது. 1918இல் பம்பாயிலேயே சுமார் 13 இலட்சம் அடித்தார்கள். கடைத்தெருவில் புழங்கட்டும் என்று அடித்த காசை நம் ஆட்கள் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். 1914இல் உலகப் போர் மூண்டதும் பிரித்தானியா சவரனைப் புழக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டது. 1931இல் தங்க அளவுகோலையே கைவிட்டது. ராசாவின் தலை பொறித்த பவுண் காசோ காசுமாலையிலும் தாலிக்கொடியிலும் தொங்கியது.

காகிதத்தை நம்பாதே என்று இலங்கை அரசுகளே சனங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கின்றன. 1970இல் நிதியமைச்சர் என். எம். பெரேரா 50, 100 ரூபா நோட்டுகளைச் செல்லாதாக்கினார். தலையணைக்குள் நோட்டு வைத்திருந்தவர் வங்கியில் கொடுத்துக் கணக்குச் சொல்ல வேண்டி வந்தது. பவுண் வைத்திருந்தவரை யாரும் கேட்கவில்லை. பிறகு குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்கள், திரும்பும்போது சம்பளத்தைத் தங்கமாக்கிக் கழுத்திலும் கையிலும் போட்டு வந்தார்கள்.

2022இல் அந்தச் சேமிப்புக்குச் சோதனை வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசு அறிவித்தது. உலகச் சந்தையில் தங்கம் பெரிதாக ஏறவில்லை. ரூபா இறங்கிய இறக்கத்தில் இங்கே பவுண் விலை எகிறியது. அதற்கு முன்பே, 2021 இறுதியில், மத்திய வங்கி தன் தங்கக் கையிருப்பில் ஏறத்தாழப் பாதியை விற்றிருந்தது. கஷ்டம் வந்தால் அடகுக்கடைக்குப் போகிற குடும்பம் செய்வதைத்தான் நாடும் செய்தது.

ஆனால் பவுணால் ஆகாத காரியமும் அந்த ஆண்டில் தெரிந்தது. உடப்புக் கரையில் படகு கடலுக்குப் போக மண்ணெண்ணெய் வேண்டும். அது வராத நாளில் எத்தனை பவுண் இருந்தும் எஞ்சின் ஓடாது. ஓகஸ்ட்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியபோதுதான் பவுணுக்கு வேலை வந்தது: ஒன்றை ஈடு வைத்தால் எண்ணெய்க்கும் வலைக்கும் காசு. தட்டுப்பாட்டுக்குத் தங்கம் மருந்தல்ல, விலையேற்றத்துக்குத்தான் மருந்து.

பொருளாதாரம் சரியும் என்று அஞ்சித் தங்கக் காசு சேர்ப்பவர்கள் உலகெங்கும் உண்டு. அவர்களைப் போன்றவர்கள் வாங்கவென்றே தென்னாபிரிக்கா 1967இல் 'குரூகரண்ட்' காசை வெளியிட்டது. அதில் சுத்தத் தங்கம் ஓர் அவுன்ஸ், சுமார் 31 கிராம். அவசரத்துக்கு விற்க அது பெரிய காசு. நம் பவுண் அதில் கால்வாசிதான், ஒவ்வொன்றாக விற்கலாம். நகை என்றால் செய்கூலியும் சேதாரமும் போனபின்தான் மிச்சம். காசில் அந்த இழப்பு குறைவு. எதுவானாலும் டொலர் ஏறியபிறகு ஓடிப்போய் வாங்கியவருக்கு அது ஏறிய விலைதான். பவுண் வாங்க ஏற்ற காலம், யாரும் பவுணைப் பற்றிப் பதறாத காலம்.