எலியின் குருதிக் கன அளவும் கல்லீரல் சாய நீக்கமும்

ஆய்வக எலியின் உடலில் ஓடும் மொத்தக் குருதியின் அளவையும், அக்குருதியிலிருந்து கல்லீரல் ஒரு பொருளை அகற்றும் வேகத்தையும் சாயம் செலுத்திக் கண்டறிய இரு முறைகள் உண்டு. முன்னதற்குக் குருதிக் குழாயை விட்டு எளிதில் கசியாத சாயம் வேண்டும். பின்னதற்குக் கல்லீரல் விரைந்து ஈர்த்துக்கொள்ளும் சாயம் வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானியரான ஹெர்மன் வெல்கர், விலங்கின் குருதியை வடித்தெடுத்து, உடலைக் கழுவிய நீரின் நிறத்தையும் ஒப்பிட்டு மொத்தக் குருதி அளவைக் கணக்கிட்டார். விலங்கைக் கொல்லாமல் அந்த அளவீடு இயலாது. 1915இல் கீத், ரவுன்ட்ரீ, ஜெராட்டி ஆகியோர் சிவப்புச் சாயம் ஒன்றை நாளத்தில் செலுத்தி, அது நீர்த்துப்போன அளவைக் கொண்டு உயிருள்ள உடலின் பிளாஸ்மாவை அளந்தனர். இதே ரவுன்ட்ரீ, ஏபலுடன் சேர்ந்து 1909இல் தாலீன் சாயங்களை ஆராய்ந்தபோது, குளோரின் சேர்ந்த ஒன்று பித்தநீரில் வெளியேறுவதைக் கண்டவர். இரு முறைகளின் தொடக்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. கல்லீரல் சோதனைக்கு ரோசென்தாலும் வைட்டும் புகுத்திய புரோம்சல்பதலீன் 1920களின் நடுவில் அச்சாயத்தின் இடத்தைப் பிடித்தது.

1920இல் டாசன், இவான்ஸ், விப்பிள் மூவரும் பல சாயங்களைக் குருதி அளவீட்டுக்காக ஒப்பிட்டனர். ஆல்புமின் புரதத்தோடு இறுகப் பிணையும் இவான்ஸ் நீலம், இம்மூவருள் ஒருவரான ஹெர்பர்ட் இவான்ஸின் பெயர் தாங்கியது. லாங்-இவான்ஸ் எலி இனத்தின் பெயரிலுள்ள இவான்ஸும் இவரே. ஒருவர் பெயர் சாயத்துக்கும் எலிக்கும் வாய்த்தது அரிது.

செலுத்திய சாயத்தின் எடையை, தொடக்க நேரத்துக்குப் பின்னோக்கி நீட்டிப் பெற்ற செறிவால் வகுத்தால் பிளாஸ்மா அளவு கிடைக்கும். அதைச் சிவப்பணு விகிதம் போக எஞ்சிய பின்னத்தால் வகுத்தால் குருதி அளவு. நாளக் குருதியின் சிவப்பணு விகிதம் முழு உடலின் விகிதத்தைவிடக் கூடுதல் என்பதால் திருத்தம் அவசியம். லீ, பிளாஃபாக்ஸ் 1985இல் தந்த வாய்பாட்டின்படி, கிராமில் எடையை 0.06 ஆல் பெருக்கி 0.77 கூட்டினால் மில்லிலிட்டர் வரும்; 250 கிராம் எலிக்கு ஏறத்தாழ 15.8. இவ்வளவு சிறிய இருப்பிலிருந்து அடிக்கடி மாதிரி எடுத்தால், எடுப்பதே அளவைக் குலைத்துவிடும்.

எலிக்குப் பித்தப்பை இல்லை. ஆகவே கல்லீரல் சோதனையில் பித்தநாளத்தில் குழாய் பொருத்தினால் வெளியேறும் சாயத்தை நேரடியாகவே சேகரிக்கலாம். 1950களில் வந்த இண்டோசயனின் பச்சை மாற்றமடையாமல் பித்தநீரில் கழிகிறது. புரோம்சல்பதலீனோ பெரும்பாலும் குளுட்டதயோனுடன் இணைந்தே கழிகிறது. மனிதரில் ஒவ்வாமை விளைவித்ததால் பின்னது மருத்துவமனைகளில் கைவிடப்பட்டது.

குருதி அளவீட்டுக்குக் கதிரியக்கக் குறியிட்ட சிவப்பணுக்களும் பயன்படுகின்றன. ஒரே ஊசியில் குருதி அளவு, கல்லீரல் நீக்கம் இரண்டையும் அளக்க இண்டோசயனின் பச்சை உதவும் என்றாலும், எலியின் குருதியிலிருந்து அது மிக விரைவில் மறைவதால் இவ்விரு சாயங்களுள் குருதிக் கன அளவுக்கு இவான்ஸ் நீலமே நம்பத்தக்கது.